யானைமூக்கு மீனும் பிளாக் கோஸ்ட் மீனும் வளர்க்க: தொட்டி அமைப்பது முதல் நோய் பார்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

இந்த இரண்டு மீன்களும் மிக மெல்லிய மின்சாரத்தைத் தம் உடலிலிருந்து வெளியிட்டு, அதன் மூலம் இருட்டில் வழியையும் இரையையும் அறிபவை. இவற்றை வாங்கிய புதியவர்களில் பலர் சில வாரங்களிலேயே இழந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அக்கறைக் குறைவு அதற்குக் காரணமாக இருந்ததில்லை. வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம். மீனை முதலில் வாங்கி, தண்ணீரையும் உணவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். கீழே உள்ள வரிசையில் மீன் வாங்குவது ஏழாவதாகவே வருகிறது. அதற்கு முந்தைய ஆறையும் முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகலாம்.

1. இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

யானைமூக்கு மீன் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் கலங்கலான, மெதுவாக ஓடும் ஆறுகளைச் சேர்ந்தது. தொட்டியில் சுமார் 20 முதல் 23 சென்டிமீட்டர் வரை வளரும். மூக்கு என்று நாம் சொல்லும் உறுப்பு உண்மையில் நீண்டு வளர்ந்த தாடை. மின்னுணர்வு மிகுந்த அந்தத் தாடையை மணலில் துழாவியே அது புழுக்களைக் கண்டுபிடிக்கிறது.

பிளாக் கோஸ்ட் தென் அமெரிக்க மீன். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் குட்டி 40 சென்டிமீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. வயிற்றுப் பக்கம் முழுவதும் ஓடும் ஒரே நீண்ட துடுப்பை அலைபோல் அசைத்து முன்னும் பின்னும் ஒரே எளிமையுடன் நீந்தும்.

இரண்டையும் ஒரே தொட்டியில் விட வேண்டாம். யானைமூக்கு மீன் விட்டுவிட்டு மின்துடிப்புகளை அனுப்புகிறது. பிளாக் கோஸ்ட் விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை இடைவிடாமல் அனுப்புகிறது. ஒன்றின் மின்புலம் மற்றொன்றின் புலனைக் குழப்பக்கூடும். அதோடு இரண்டும் இரவில் தரைமட்டத்தில் ஒரே இரைக்காகப் போட்டியிடும்.

2. வளர்ந்த மீனின் அளவுக்குத் தொட்டி வாங்குங்கள்

ஒரு யானைமூக்கு மீனுக்கு 120 × 45 × 50 சென்டிமீட்டர் அளவுள்ள, ஏறத்தாழ 270 லிட்டர் கொள்ளும் தொட்டி தேவை. பிளாக் கோஸ்ட்டுக்கு 180 × 60 × 60 சென்டிமீட்டர், அதாவது 650 லிட்டர் அளவை மனதில் வையுங்கள். உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். முழு வளர்ச்சி அடைந்த பிளாக் கோஸ்ட் உடலை வளைக்காமல் திரும்புவதற்குக் குறைந்தது 60 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும்.

"இப்போது சிறிய தொட்டியில் விட்டு, வளர்ந்ததும் மாற்றலாம்" என்ற எண்ணம்தான் நான் அதிகம் பார்த்த பிழை. மீன் காத்திருக்காமல் வளர்கிறது. பெரிய தொட்டி வாங்கும் நாளோ தள்ளிக்கொண்டே போகிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்தால் பெரிய தொட்டி 800 கிலோவைத் தொட்டுவிடும். தரை அந்தப் பளுவைத் தாங்குமா என்பதைத் தண்ணீர் நிரப்பும் முன்பே உறுதி செய்யுங்கள். ஆட்கள் ஓயாமல் நடமாடும் வழியிலும், ஒலிபெருக்கிக்கு அருகிலும், நேரடி வெயில் விழும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

3. மணலும் மறைவிடமும்

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, முனை மழுங்கிய மெல்லிய மணலை, கலங்கல் நீங்கும் வரை கழுவி 4 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். கூரான சரளைக் கல் யானைமூக்கு மீனின் தாடையைக் கிழித்துவிடும். அந்தப் புண்ணில் தொற்று ஏறினால் மீனால் இரை தேட முடியாமல் போகும். மணலை இதைவிட ஆழமாகப் போட்டால் அடியில் காற்றுப் புகாமல் அழுகல் தொடங்கும்.

மறைவிடம் இல்லாத தொட்டியில் இம்மீன்கள் சாப்பிடுவதில்லை. மீனின் முழு உடலும் உள்ளே அடங்கும் நீளமும், அது திரும்பக்கூடிய அகலமும் கொண்ட குழாய்கள் இரண்டு மூன்று வையுங்கள். பிளாக் கோஸ்ட்டுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் மிகவும் பயன்படும்: தான் மறைந்திருப்பதாக மீன் உணரும், அதன் வயிறு நிறைந்திருக்கிறதா, உடலில் புள்ளிகள் உண்டா என்று உங்களாலும் பார்க்க முடியும். குழாயின் வெட்டிய விளிம்புகளைத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். பிளாக் கோஸ்ட் குழாய்க்குள் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வது அதன் வழக்கம்; செத்துவிட்டதென்று பதறிக் குச்சியால் தொட வேண்டாம்.

வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும். மிதக்கும் செடிகள் மேலே படர்ந்தால் பகலிலேயே மீன் தலைகாட்டத் தொடங்கும்.

4. வடிகட்டி, ஹீட்டர், மூடி

மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல் நான்கு ஐந்து மடங்கு தண்ணீரைச் சுழற்றும் வடிகட்டி போதும். உறிஞ்சு குழாயின் வாயில் ஸ்பாஞ்ச் பொருத்துவது கட்டாயம். இடுக்கைக் கண்டால் நுழைவது இம்மீன்களின் இயல்பு. யானைமூக்கு மீன் உள்ள தொட்டியில் வெளியேறும் நீரோட்டத்தைச் சுவரை நோக்கித் திருப்பி, வேகத்தைக் குறையுங்கள்.

ஹீட்டரை 26 டிகிரி செல்சியஸில் வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் கூண்டு ஒன்றை மாட்டுங்கள். எதையாவது ஒட்டிக்கொண்டு ஓய்வெடுப்பவை இவை. கூண்டில்லாத ஹீட்டரில் ஒட்டியதால் பக்கவாட்டில் தோல் வெந்த மீன்களைப் பார்த்திருக்கிறேன். விரிசல் கண்ட ஹீட்டரையும் உறை கிழிந்த மின்கம்பியையும் உடனே மாற்றுங்கள். மின்கசிவு எல்லா மீன்களுக்கும், தொட்டிக்குள் கை விடும் உங்களுக்கும் ஆபத்து. மின்னுணர்வால் வாழும் மீனுக்கு இன்னும் கூடுதல் தொல்லை.

மூடியில் கம்பிகளும் குழாய்களும் போகும் துளைகளின் ஓரங்களைக்கூட ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள். அச்சமுற்றால் இரண்டு மீன்களும் துள்ளும். புதிய தொட்டியின் முதல் சில இரவுகளில்தான் அது அதிகம் நடக்கும்.

5. மீன் இல்லாமலே தண்ணீரைப் பக்குவப்படுத்துங்கள்

வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதையே கடைப்பிடியுங்கள்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. வடிகட்டியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் சிறு அளவில் இருந்தாலே நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம். புதிய தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இல்லை என்பதால், அங்கு விடப்படும் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது. தாக்குப்பிடிக்கும் மீன்கள் சில உண்டு. இவ்விரண்டும் அவற்றில் சேரா.

வேலை இப்படி நடக்க வேண்டும். முதலில் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்குங்கள். வெறும் குளோரின் என்றால் ஏர் பம்ப் ஓடவிட்டு 24 மணி நேரம் வைத்தால் வெளியேறிவிடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம்) கலந்த தண்ணீரில் இம்முறை பலிக்காது; அதற்கென்றே உள்ள நீர் சீராக்கி மருந்தைச் சேர்க்க வேண்டும். உங்கள் தண்ணீரில் எது கலக்கப்படுகிறது என்பதை, அதை வழங்குவோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஒரு விவரம் தெரியாமல் பல தொட்டிகள் பாழாகின்றன.

பிறகு வடிகட்டி, ஹீட்டர் இரண்டையும் இயக்கி, அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சோதனையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா காட்டும்படி செய்யுங்கள். இதைவிட மிக அதிகமாகச் சேர்த்தால் வேலை விரைவதில்லை. பாக்டீரியாக்களின் வளர்ச்சியே தடைபடக்கூடும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூஜ்யமானதும் தொட்டி தயாராகிவிட்டதென்று பலர் மீனை விட்டுவிடுகிறார்கள். நைட்ரைட் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். அம்மோனியா குறையும்போதெல்லாம் மீண்டும் 2 மில்லிகிராமுக்கு ஏற்றிக்கொண்டே வாருங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்கும் நிலை வந்தால் வடிகட்டி முதிர்ந்துவிட்டது என்று பொருள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயற்ற பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஊறிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இக்காலம் பெரிதும் குறையும்.

சோதனைக்குக் காகிதப் பட்டையைவிடத் திரவச் சோதனைப் பெட்டி நம்பகமானது. நைட்ரேட் சோதனையின் இரண்டாவது குப்பியில் மருந்து அடியில் உறைந்துகொள்ளும் என்பதால், அதை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் உண்மையைவிடக் குறைந்த அளவே காட்டும்.

தொட்டி முதிர்ந்த பின் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, பத்தாவது பகுதியில் சொல்லியிருக்கும் அமைதியான துணை மீன்கள் சிலவற்றை முதலில் விட்டு, மேலும் ஒரு மாதம் ஓடவிடுங்கள். தொட்டி நிலையாக இருக்கிறதா என்பது அந்த மாதத்தில் தெரிந்துவிடும். பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 6.5 முதல் 7.5 வரை எங்கிருந்தாலும் சரி. ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருப்பதே முக்கியம். மருந்து ஊற்றி அதை விரட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

6. உணவை மீனுக்கு முன்பே வீட்டில் வையுங்கள்

பட்டினியே இம்மீன்களின் முதல் எதிரி. புதிதாக வரும் யானைமூக்கு மீன் உலர் உணவைத் தொடுவதே அரிது. அது உயிருள்ள புழுவைத் தேடும். அதுவும் இரவில், மெதுவாக. மீன் வந்த பிறகு புழுவுக்கு அலைந்தால் அந்த நாட்களில் அது மெலிந்துவிடும். மெலிந்த மீனைத் தேற்றுவது கடினம்.

தண்ணீர் பக்குவமாகும் வாரங்களிலேயே கிரிண்டல் புழு என்னும் சிறு வெள்ளைப் புழுவை வளர்க்கத் தொடங்குங்கள். மூடியில் சிறு காற்றுத் துளைகள் கொண்ட பெட்டியில், கழுவிப் பிழிந்த தென்னை நார்க் கழிவை இரண்டு அங்குலம் பரப்பி, புழுக்களை விட்டு, நனைத்த ஓட்ஸை ஒரு சிட்டிகை வைத்து, அதன்மேல் சிறு கண்ணாடித் துண்டை வையுங்கள். புழுக்கள் கண்ணாடியின் அடியில் திரளும். அதை எடுத்து ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசினால் சுத்தமான இரை கிடைக்கும். வைத்த ஓட்ஸ் தீர்ந்த பிறகே அடுத்ததை வையுங்கள். மிஞ்சினால் பூஞ்சையும் சிற்றுண்ணியும் பெருகும். எப்போதும் இரண்டு பெட்டிகள் வையுங்கள், ஏனெனில் ஒன்று திடீரென்று அழிந்துபோவது உண்டு.

உறைய வைத்த பிளட்வார்ம் (கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்புப் புழு) இன்றியமையாதது. அதை உருக்கி, வலையில் ஊற்றி அலசிய பிறகே போடுங்கள். உருகிய சாற்றைச் சேர்த்து ஊற்றினால் தண்ணீர்தான் கெடும். இந்தப் புழு சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டும். கையுறை அணியுங்கள், தொட்ட கையால் கண்ணைத் தேய்க்க வேண்டாம்.

பிளட்வார்மை மட்டுமே மாதக்கணக்கில் கொடுப்பதும் பிழையே. பூச்சிக்கொல்லி படாத மண்ணில் எடுத்து, ஈரத் துணியில் ஒரு நாள் வைத்து, வயிற்று மண் கழிந்தபின் பொடியாக நறுக்கிய மண்புழு, உறைய வைத்த ஆர்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறால் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுக்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றோடு நோயும் வரும்.

7. மீனைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் மீன் சாப்பிடுவதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் வாங்காமல் திரும்புங்கள். மேலிருந்து பாருங்கள்: தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கிக் கத்தி விளிம்புபோல் தெரிந்தால் அது பல நாள் பட்டினி கிடந்த மீன். உட்குழிந்த வயிறும் அதையே சொல்லும். யானைமூக்கு மீனின் தாடை முழுமையாக, புண்ணின்றி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். யானைமூக்கு மீன்கள் பெரும்பாலும் ஆறுகளில் பிடிக்கப்பட்டு வருபவை. நெடுந்தொலைவுப் பயணக் களைப்போடும் சில நேரம் குடற்புழுக்களோடும் வரும். பிளாக் கோஸ்ட் இந்தோனேசியப் பண்ணைகளில் பெருமளவில் வளர்க்கப்படுவதால் தொட்டி வாழ்வுக்குச் சற்று எளிதாகப் பழகும். முதல்முறை முயல்பவருக்கு, பெரிய தொட்டிக்கு இடம் இருந்தால், பிளாக் கோஸ்ட்டையே நான் சொல்வேன்.

8. தனிமைத் தொட்டியும் மீனை விடும் முறையும்

நேரே பெரிய தொட்டியில் விடாமல், நோய் உண்டா என்று பார்க்க, முதிர்ந்த ஸ்பாஞ்ச் வடிகட்டி ஓடும் தனிமைத் தொட்டியில் நான்கு வாரம் வையுங்கள். அடியில் மணல் முழுதும் பரப்பத் தேவையில்லை. ஒரு தட்டில் மணல் நிரப்பி வைத்தால் யானைமூக்கு மீன் அதில் துழாவிக்கொள்ளும்.

பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்படுத்துங்கள். அருகிலிருந்து கொண்டுவந்த மீன் என்றால், பைத் தண்ணீரை வாளியில் ஊற்றி, மெல்லிய குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேர்க்கலாம்.

பல மணி நேரம் பையிலேயே பயணம் செய்த மீனுக்கு இதைச் செய்யக் கூடாது. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஎச் தாழ்ந்திருப்பதால், அங்கே திரண்ட அம்மோனியா நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அம்மோனியா கொடிய வடிவத்துக்கு மாறும். அத்தகைய மீனை வெப்பநிலை சமமானதும் விரைவாகத் தொட்டிக்கு மாற்றுங்கள். இரு முறையிலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. வலையில் தாடை சிக்கும் என்பதால் மீனைக் கிண்ணத்தால் மொண்டு மாற்றுங்கள்.

9. முதல் இரண்டு வாரம்

முதல் நாள் உணவு வேண்டாம், விளக்கும் வேண்டாம். இரண்டாம் நாள் இரவு, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, நீண்ட குழாய் ஒன்றின் வழியாகப் புழுக்களை மறைவிடத்தின் வாயிலருகே இறக்குங்கள். தினமும் அதே நேரம், அதே இடம். இருட்டில் இடத்தை நினைவில் கொண்டு தேடும் மீன் இது. உணவு ஓரிடத்தில் தவறாமல் கிடைத்தால் அச்சம் விரைவில் நீங்கும்.

மங்கலான சிவப்பு விளக்கில் பார்த்தால் மீன் அவ்வளவாகத் தொந்தரவுக்கு உள்ளாகாது. மீன் வெளியே வரவில்லை என்று குழாயைத் தூக்கிப் பார்ப்பதும், பொருள்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதும் புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழைகள். காலையில் எத்தனை புழு மிஞ்சியிருக்கிறது என்பதை எண்ணுங்கள். மீன் சாப்பிட்டதா என்பதற்கு அதுவே சான்று. மிஞ்சியதை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

ஐந்து நாள் கழித்தும் எதையும் தொடவில்லை என்றால் முதலில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். அடுத்து மறைவிடம் போதுமா என்று பாருங்கள். அதற்குப் பிறகே உணவை மாற்றுங்கள். தண்ணீரில் உள்ள குறையை வேறு புழுவால் தீர்க்க முடியாது.

நன்கு பழகிய பிளாக் கோஸ்ட் சில மாதங்களில் கையிலிருந்தே புழுவை வாங்கித் தின்னும். முதல்முறை அது விரலைத் தன் உடலால் சுற்றி வந்து ஆராயும்போது, காத்திருந்த வாரங்கள் எல்லாம் மறந்துபோகும்.

10. துணை மீன்கள்

நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் வாழும் அமைதியான, சற்றுப் பெரிய மீன்களைச் சேருங்கள். காங்கோ டெட்ரா நல்ல தேர்வு. தரையில் மேயும் லோச், கோரிடோராஸ் போன்றவை இரவு உணவை முந்திக்கொண்டு தின்றுவிடும். துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப், சண்டையிடும் சிக்லிட் வகைகள் கூடவே கூடாது. நியான் டெட்ரா போன்ற சிறு மீன்கள் வளர்ந்த பிளாக் கோஸ்ட்டுக்கு இரையாகும்.

ஒரே தொட்டியில் இரண்டு பிளாக் கோஸ்ட் ஒத்துவாழா. யானைமூக்கு மீன் ஒன்றை மட்டும் வையுங்கள், அல்லது மிகப் பெரிய தொட்டியில் ஆறுக்கு மேல் வையுங்கள். துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கினால், வலியது எளியதை ஓயாமல் விரட்டிப் பட்டினி போடும். கூட்டத்தில் அந்த விரட்டல் பலரிடம் பகிர்ந்துபோகும்.

11. வாரந்தோறும்

கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்; புதுத் தண்ணீரின் வெப்பம் தொட்டியோடு ஓரிரு டிகிரிக்குள் ஒத்திருக்கட்டும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பதே இலக்கு. மணலின் மேற்பரப்பை மட்டும் உறிஞ்சுங்கள். வடிகட்டி ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா ஒரு நிமிடத்தில் மடியும்.

மின்தடையின்போது ஓட, மின்கலத்தில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

12. நோய் வந்தால்

இரண்டு மீன்களுக்கும் எளிதில் வருவது வெண்புள்ளி நோய். உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் தெரியும். இவற்றின் செதில் மிக நுண்ணியது, தோல் மென்மையானது. செம்பு, மாலகைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்துகளைக் குப்பியில் எழுதிய அளவில் ஊற்றினால் நோய்க்கு முன் மருந்தே மீனைக் கொல்லக்கூடும்.

முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது. அடுத்து, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் வெப்பத்தை 30 டிகிரி வரை ஏற்றி, இரண்டு வாரம் அப்படியே வையுங்கள். வெப்பத்தில் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சி விரைவாகும். தோலை விட்டு நீந்தும் பருவத்தில்தான் அது அழிக்கப்படக்கூடியது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் பம்பைக் கூட்டுங்கள். புள்ளிகள் மறைந்த மறுநாளே வெப்பத்தைக் குறைத்துவிட வேண்டாம். மணலில் மிஞ்சிய கூடுகள் மீண்டும் வெடித்துக் கிளம்பும்.

வெப்பத்துக்கு அடங்காமல் மருந்து தேவைப்பட்டால், மென்மையான மீன்களுக்கு உகந்தது என்று குறிப்பிட்ட மருந்தைப் பாதி அளவில் தொடங்கி, முதல் சில மணி நேரம் அருகிலேயே இருந்து கவனியுங்கள். மீன் மேல்மட்டத்துக்கு வந்து திணறினாலோ நிலை தடுமாறினாலோ உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். வடிகட்டியில் கரி இருந்தால் அது மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால், மருந்து ஊற்றும் முன் அதை எடுத்துவிட்டு, சிகிச்சை முடிந்ததும் புதிய கரியைப் போடுங்கள். மருந்து வடிகட்டி பாக்டீரியாவையும் பாதித்திருக்கலாம் என்பதால், அடுத்த ஒரு வாரம் உணவைக் குறைத்து, அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள்.